தோலோடயா, தோலெடுத்தா?

காலை ஆறரைக்கு ஜம்பட்டா வீதியில்
நான் வாய் திறக்கிற முதல் கேள்வி இதுதான்.
எடுத்து, என்பார்கள்.
ஏழு வருஷமாய்
அந்தக் கொழுப்பையும் வழிச்சுப் போடுங்கோ அக்கா, என்பார்கள்.

வால்பக்கத்தால் கைவிட்டால்
இரைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.
கத்தி தேவையில்லை, விரலுக்கே கழன்று வரும்.
சோளத்தின் மஞ்சள்.
நாற்பது நாள் தின்னக் கொடுத்து
நடக்க இடம் கொடுக்காத மஞ்சள்.
பின்னேரம் வாளி நிறைந்துவிடும்,
என் நகக்கண்ணில் மிச்சம் வீட்டுக்கு வரும்.

நாம் தின்கிற எண்ணெய் சுற்றுவழியால் போகுமாம்.
கோழிக்கு நேர்வழி,
குடலில் ஏறினால் ஈரலில்தான் இறக்கம்,
நடுவில் ஒரு தரிப்பும் இல்லை.
மிருக வைத்தியம் படிக்கிற திலோஷன்
அரைக்கிலோ இரைப்பை வெட்டும் நேரத்துக்குள் சொன்னது.
வெறும் சோளத்தையும் கொழுப்பாக்கி
வயிற்றுக்கு இவ்வளவு, தோலுக்கு இவ்வளவு,
முட்டையின் மஞ்சளுக்கு இவ்வளவு என்று
பங்கு பிரித்து அனுப்புவதும் ஈரல்தானாம்.
மாதக் கடைசியில் நானும் அப்படித்தான் பிரிப்பேன்.
எனக்கு மிஞ்சுவதில்லை.

வியாழனில் முட்டைக்கோழி லொறி வரும்.
இனி இடாது என்று கழித்தவை.
லொறியிலேயே செத்து வந்த ஒன்றை
எறியச் சொன்னார் தங்கவடிவேல் முதலாளி.
எறியமுன் பிளந்து பார்த்தேன்.
உள்ளே முழுக்க இரத்தக் கட்டி.
ஈரல் ஈரல் நிறத்தில் இல்லை,
ஈரக் களிமண், தொட்டால் உதிர்ந்தது.
அனுப்பி முடியாததை எல்லாம்
தனக்குள்ளேயே அடுக்கி வைத்து
ஒருநாள் வெடித்திருக்கிறது.
பக்கத்தில் ஓடு கட்டிய முட்டை ஒன்று,
நாளைக்கென்று தயாராய்.
இடாது என்று யார் சொன்னது?

அதற்கு அடுத்த கிழமைதான்
பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள்.
ஈரலில் கொழுப்பு, தரம் இரண்டு.
நல்லாய் நடக்கவேணும் பிலோமி, என்றா டொக்டர்.
பதினொரு மணித்தியாலம்
இரண்டடிப் பலகையில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை.
பாணும் சீனித் தேத்தண்ணியும் பற்றியும் சொல்லவில்லை.
கூட்டின் அளவு என்னவென்று
திலோஷனிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் சுமணாவின் நாட்டுக்கோழி
கக்கூஸ் கூரையில் பால்மா பெட்டிக்குள் அடைகிடந்தது.
நேரே சோறு வைத்தேன்.
நாலு பருக்கை கொத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.
பட்டினி இல்லை அது.
இந்த மூன்று கிழமைக்கு இவ்வளவு பாரம் போதும் என்று
உடம்பே தராசை இறக்கி வைத்திருக்கிறது.
சேர்த்ததை உள்ளிருந்தே எடுத்து எரித்து
முட்டைக்குச் சூடு கொடுத்தது.
பொரித்த குஞ்சும் இரண்டு நாள் இரை தேடவில்லை,
வயிற்றுக்குள் மஞ்சள் மிச்சம் இருந்தது.
அந்தக் கோழியை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை,
யாரும் கூட்டில் அடைக்கவுமில்லை.

திங்கள் காலையில் முதலாளியிடம் போய்
ஒரு கதிரை வேணும், என்றேன்,
மத்தியானத்தில் அரை மணித்தியாலம் நடக்கவும் வேணும்.
கத்தி தீட்டிக்கொண்டிருந்த பெடியன் கையை நிறுத்தினான்.

உனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு, என்றார்.

ஓம் முதலாளி, தரம் இரண்டு.
படம் பையில்தான் கிடக்கு,
காட்டவா?