நிற அட்டையில் இல்லாதது

கல்முனை பிரதான வீதியில்
நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையில்
நிறம் கலக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது.
பன்னிரண்டு குழாய். ஆயிரத்து எண்ணூறு நிறம்.
அட்டையை விசிறிபோல் விரித்தால்
பில் புத்தகம் வைக்க இடமிருக்காது.

சாய்ந்தமருதிலிருந்து வந்தவர்,
மஃறூப் என்று பில்லுக்குப் பெயர் சொன்னார்,
கடல்பக்க மதிலுக்கு ஒரு வாளி கேட்டார்.
என்ன நிறம் என்றேன்.
"ஒண்டையும் ஞாபகப்படுத்தாத நிறம், தங்கச்சி."

சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அட்டையைத் திருப்பினோம்.
இது பள்ளிக்கூட பஸ், என்றார்.
இது ஆஸ்பத்திரி, நாலாம் வார்ட்.
இது கறுத்தக் கொழும்பான் நறுக்கி வைத்தது.
ஒரு வெளிறிய சாம்பலை நீட்டினேன்.
சீமெந்துப் பை, தண்ணி பட்டது.
ஒரு பச்சையில் விரலை வைத்தவர்
எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனார்.
நீலங்களை நான் திறக்கவேயில்லை.
இந்தக் கரையில் அதை
யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

நாளைக்கு வாங்க என்றேன்.

அன்றிரவு காரைதீவில் கரண்ட் இல்லை.
பாயில் கிடந்து யோசித்தேன்.
புதிதாக ஒரு நிறம். சரி, தொடங்கு.
சிவப்பில்லை, மஞ்சளில்லை, இரண்டுக்கும் நடுவிலுமில்லை.
இல்லை இல்லை என்று தள்ளித் தள்ளி
மீந்தது இமையின் உட்பக்கம்.
அதுவும் தெரிந்த நிறம்தான்.
நிறத்தை விட்டு ஒரு மிருகத்தை முயன்றேன்:
நண்டின் கால் வந்தது, மாட்டின் கண் வந்தது,
நடை மட்டும் எங்கள் முதலாளியுடையது.
கனவில் வரும் பேய்கூட
நான் பார்த்த யாரோ ஒருவரின்
சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது.
பூச்சியத்தை முதலில் நினைத்தவன்
என்னத்தைப் பார்த்திருப்பான்?
காலிச் சட்டியை, வேறென்ன.
ஆனால் காலிச் சட்டியை
எல்லாரும்தானே பார்த்தார்கள்.
அந்த "ஆனால்" என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் அவர் வந்தபோது
இயந்திரத்தின் கணக்கை நிறுத்தினேன்.
கண்ணை மூடிக்கொண்டு
விரல் போன பொத்தானையெல்லாம் அழுத்தினேன்.
முதலாளி பேங்குக்குப் போயிருந்தார், நல்ல காலம்.
குலுக்கி, மூடியை நெம்பித் திறந்து
இரண்டு பேரும் குனிந்தோம்.

"போல" என்ற சொல்
வாய்வரை வந்து நின்றுவிட்டது.

நெடுநேரம் பார்த்தார்.
"இது ஒண்டுமில்ல," என்றார், மெதுவாக.
மறுகா நிமிர்ந்து, மேசையை, என்னை,
சுவரில் தொங்கிய தூரிகைகளைப் பார்த்தார்.
"இனி இது ஒங்கட கடை மாதிரி.
பாக்கிற நேரமெல்லாம் இது ஞாபகம் வரும்."

எவ்வளவு நேரம் புதிதாக இருந்தது அது?
ஒரு நிமிடம் இருக்குமா?
காணும் என்றார். காசை எண்ணி வைத்தார்.

சேமிக்க இயந்திரம் பெயர் கேட்டது.
காலியாக விட்டால் ஏற்கவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றது.

வெள்ளிக்கிழமை கடற்கரை வீதியால்
ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனேன்.
மதிலின் கீழ்ப்பக்கம் உப்புக்காற்று
அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது.
காயும் முன் ஓர் ஆடு உரசியிருக்க வேண்டும்.
நடு வீதியில் நின்றது,
விலா முழுக்க அந்த நிறம்.
ஹோர்ன் அடித்தேன்.
விலகவில்லை.