பின்னாலேயே ஒன்று வருகிறது

இரவு வண்டி கீழ்கோத்தகிரியில் தங்கும்.
பத்தேகாலுக்கு இன்ஜினை அணைத்தால்
காலை ஐந்து ஐம்பதுக்குத்தான் மறுபடி உயிர்.
இடையில் விளக்குப் போடக் கூடாது,
பேட்டரி இறங்கினால் இந்தக் குளிரில் தள்ள ஆளில்லை
என்பார் டிரைவர் பெள்ளிராஜ்,
சொல்லி முடிக்கும்போதே குறட்டை.

மூன்று பேர் சீட்டில் முழங்கால் மடக்கி
சின்ன டார்ச்சை வாயில் கவ்விப் படிக்கிறேன்.
அத்தியாயத்துக்கு ஒரு தாடைவலி.
போன ஆனியில் வாங்கிய தடிப் புத்தகம்
மூடுபனி குடித்து உப்பிவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும்
முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கின்றன.
பிரித்தால் கிழியும்.
அதற்குள்தான் யாரோ யாரையோ மன்னிக்கிறார்கள்;
இருநூற்றுப் பதினாலில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதை வைத்து
ஊகித்துக்கொண்டேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
படியேறி மூச்சு வாங்க நிற்கும் இடத்தில்
ஷாநவாஸ் கடை.
கண்ணாடிக்குள் அந்த இ-ரீடர்,
சிலேட்டைவிட மெலிசு.
தானே வெளிச்சம் விடும். பூசணம் பிடிக்காது.
ஒரு சார்ஜ் மூன்று வாரம்.
எழுத்தைப் பெரிதாக்கலாம் என்றபோது
என் நாற்பத்தாறு வயதுக் கண் இரண்டும்
என்னைக் கேட்காமல் சம்மதித்துவிட்டன.
பதினோராயிரத்து நானூறு.
என்னிடம் ஒன்பதாயிரத்து எழுநூறு,
அரிசி டின்னில், இன்சூரன்ஸ் ரசீதுக்கு அடியில்.

"அவசரப்படாதீங்கண்ணே.
ஐப்பசியில புது மாடல், கலரு.
பின்னாலேயே வருது."

பின்னாலேயே வருது.
இருபது வருசமாய் நான் விநியோகிக்கிற சரக்கு,
டிக்கெட் கிழிக்காமல் கொடுக்கிற ஒன்றே ஒன்று.
வண்டிச்சோலையில், கட்டபெட்டில்,
படியில் கட்டைவிரல் வைக்க இடமில்லாத சாயங்காலங்களில்
"ஏறாதீங்க, பின்னாடியே காலியா வருது."
இரட்டை விசில்.
சில நாள் நிஜமாகவே வந்திருக்கிறது.
மற்ற நாள் என்ன வந்ததென்று
திரும்பிப் பார்த்ததில்லை.
வளைவு வந்துவிடும்.

கலர் எனக்கு எதற்கு,
நான் படிப்பதெல்லாம் கறுப்பு எழுத்து.
ஆனால் புதுசு வந்தால் பழசு விலை இறங்கும்.
தீபாவளி போனஸும் வரும்.
வந்தால் மகனுக்கு ஹாஸ்டல் கட்டணமும் வரும்.
கழுத்தில் ஏற்கெனவே ஒரு மிஷின் தொங்குகிறது,
நாள் முழுக்கத் தாங்கும் என்று கொடுத்தது,
ஏழாவது டிரிப்பில் செத்துவிடுகிறது.
மரகதவல்லியைக் கேட்டேன்.
"வாங்குங்க, வாங்காதீங்க.
டார்ச்சை மட்டும் வாயில வைக்காதீங்க,
முன்பல்லு ஆடுது."

நேற்று கட்டபெட்டில்
ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் ஆட ஒருத்தி ஓடிவந்தாள்.
வழக்கமானதைச் சொன்னேன்.
அவள் சண்டை போடவில்லை.
ஒரு காலைப் படியில் வைத்து
முழங்கையால் ஒரு கோஸ் மூட்டையை நகர்த்தி,
"காலியா வர்ற வண்டியில நாளைக்குப் போய்க்கிறேன்.
டூட்டி இன்னைக்கு."
பஸ் முழுக்கச் சிரித்தது. மூட்டைக்காரர்கூட.
அவளுக்குச் சில்லறை இரண்டு ரூபாய்
இன்னும் பாக்கி.

இன்று வெள்ளிக்கிழமை.
டின்னைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு படியேறினேன்.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
தொழுகைக்குப் போயிருக்கிறார், இரண்டரைக்கு வருவார்
என்றாள் பக்கத்து ஸ்வெட்டர்கடைப் பெண்.
என் வண்டி இரண்டு பத்துக்கு.

குனிந்து பார்த்தேன்.
கண்ணாடிக்குள் அது
யாரும் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து
மங்கலாய் விழித்திருந்தது.

கீழே பெள்ளிராஜின் ஹாரன்.
ஒன்று. நீளமாய் இன்னொன்று.

"அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"
"இருக்கிறதையே எடுத்து வைக்கச் சொல்லுங்க.
ஆயிரத்து எழுநூறு குறையுது, சம்பளத்துல தர்றேன்னு சொல்லுங்க."
"எப்ப வருவீங்க?"

"பின்னாடியே வர்றேன்" என்றேன்.
பாதிப் படி இறங்கிய பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.