பதினான்கு இருக்கை

ஆலை வாசலில் லோரிகளுக்கு எடை போடுவது என் வேலை.
செம்பனைக் குலையோடு ஒரு தரம்,
இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தரம்.
கழித்தால் மிஞ்சுவது தோட்டத்துக்கு.
அப்படி ஒரு எடைச் சீட்டின் முதுகில்தான்
எழுத ஆரம்பித்தேன்:
தண்ணீர்மலை. சித்ரா பௌர்ணமி. வேன் ஒன்று.

பகாவிலிருந்து பினாங்குக்கு
ஒரே மூச்சில் போகலாம் என்பார் தர்மலிங்கம் அண்ணன்.
அவர் மூச்சு அது.
கோலா பிலா வளைவுகளிலேயே
கவிநேஷுக்கு வயிறு புரளும்.
ஆகவே அசாம்போய் இரண்டு பாக்கெட்,
பிளாஸ்டிக் பை இருபது,
தாப்பாவில் நிறுத்தம், பசியாற இல்லை,
கால் நீட்ட மட்டும்.
(கோமளா அண்ணி எப்படியும் ஏதாவது வாங்குவார்.)

சின்ன மாமாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.
முருகனுடைய செவ்வாயை
மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது.
சனி மதியம் ஊசி கழற்றியதும் புறப்பாடு,
திங்கள் இரவுக்குள் வீடு.
பௌர்ணமி ஞாயிற்றில் விழுகிறதா என்று
செட்டியார் கடைக் காலண்டரில்
மூன்று தரம் பார்த்துவிட்டேன்.
விழுகிறது.
இந்த வருஷம் வானமே
எங்கள் கிளினிக்கைக் கேட்டு நடந்திருக்கிறது.

ஐந்நூற்றுச் சொச்சம் படி.
மாமா எத்தனையாவது படியில் உட்காருவார்,
அங்கே யார் கூட உட்காருவது,
குடையா தொப்பியா,
காவடிப் பலகை கூரைமேலா காலடியிலா,
டோல் கார்டில் யார் காசு போடுவது
எல்லாம் குழுவில் பேசினோம்.
நூற்று அறுபது தகவல்.
பேசாதது ஒன்று.

வாடகை ஓட்டுநர் மூன்று நாளைக்குக் கேட்ட தொகையில்
ஒரு காதுகுத்தே நடத்தலாம்.
இரவு முழுக்கக் கண் மூடாமல்
பெரிய வண்டி ஓட்டத் தெரிந்தவர்
எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான்:
செனவாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்கு
ஆள் ஏற்றும் பஸ் ஓட்டும் மதியழகன்.
தவமணி அக்காவின் புருஷன்.
புருஷனாக இருந்தவர்.
பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு
வருகிற ஆடியோடு மூன்று வருஷம்.

அவர் பெயரை யாரும் தட்டவில்லை.
ஒருவர் பூ அனுப்பினார். ஒருவர் வேல் அனுப்பினார்.

இரவு பதினொன்று இருபதுக்கு
அக்காவிடமிருந்து எனக்கு மட்டும்:
‘அவரையே கேளு. நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன்.’
ஒரு நிமிஷம் கழித்து:
‘கடைசியில எனக்குத் தலை சுத்தும்.’
அப்புறம் ஏதோ வந்தது, அழித்துவிட்டாள்.
அப்புறம்:
‘நடுவுல போடு.’

கூப்பிட்டேன்.
பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது,
யாரோ வங்காளத்தில் சிரித்தார்கள்.
நான் சொல்லி முடித்த பிறகும்
கொஞ்ச நேரம் உறுமல்தான்.
‘சனி எத்தனை மணி?’ என்றார்.
பிறகு, ‘நான் படி ஏற மாட்டேன்மா.
கீழ வண்டியப் பார்த்துக்கிறேன்.’
முட்டி வலியா, மனசா, கேட்கவில்லை.
எடைப்பாலத்தில் நிற்பவள்
வண்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

நோட்டில் பதினான்கும் நிரம்பியது.
பிரசாதம் கீழே கொண்டு வர
திவ்யஷ்ரீ பெயரைக் குறித்தேன்,
படியில் ஓடுகிற வயசு அவளுக்கு.

மறுநாள் நோட்டு அக்காவிடம் போய்
சாயங்காலம் திரும்பி வந்தது.
புளிச்சோறு, அவித்த முட்டை வேண்டாம், விரதம்,
கடலை, கருவாட்டை நினைக்கவே கூடாது
என்ற என் பட்டியலுக்கு அடியில்
அவள் கையெழுத்து, சின்னதாக, சாய்ந்து:
தயிர்ச்சோறு ஒரு டப்பா. மிளகாய் இல்லாமல்.

எங்கள் வீட்டில் கைக்குழந்தைகூடக் காரம் தின்னும்.
வயிற்றுப்புண் இருந்தது
ஒரே ஒருவருக்கு.

யாருக்கு என்று கேட்கவில்லை.
செலவுப் பக்கத்தைத் திருப்பி
நாலு ரிங்கிட் சேர்த்துக்கொண்டேன்.