ஞாயிறு – தாலி, எப்போதாவது

அட்டவணை அனுப்பச் சொன்னேன்.
பதினைந்து வருசமாய் ஸ்காபரோ மண்டபங்களில்
நிமிசக் கணக்கில் கலியாணம் பிடிப்பவள் நான்.
ஆறு ஐம்பதுக்கு அலங்காரம்,
ஒன்பது பத்துக்குக் கூறை,
ஒன்றரைக்குள் சனம் சாப்பிட்டு எழும்ப வேணும்,
இரண்டுக்கு அடுத்த வீட்டார் வாழை கட்ட வருவினம்.

துளசிகா அனுப்பியது மூன்றே வரி:
வெள்ளி – ஆறு.
சனி – கையெழுத்து.
ஞாயிறு – தாலி, எப்போதாவது.

எப்போதாவது என்றால் எத்தனை மணி?
பதிலுக்கு ஒரு சிரிக்கும் முகம் வந்தது.

டோசன் சிட்டி. ஆனி மாதம்.
நடுச்சாமம் தாண்டி ஒரு மணியளவில் சூரியன்
மலைக்குப் பின்னால் போய்
முகம் கழுவிக்கொண்டு நாலுக்குத் திரும்பி வருகிறது.
இருபது நிமிசப் பொன்வெளிச்சத்துக்குத்
தவம் கிடக்கிற தொழில் எங்களது.
இங்கே அது மணிக்கணக்காய் நின்று
என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டது.

கைப்பேசியில் பஞ்சாங்கம் தட்டிப் பார்த்த சேந்தன்,
பகலை எட்டாய்ப் பிரித்தால்
ராகுகாலமே இரண்டரை மணித்தியாலம் தாண்டுது என்றான்.
"பாவம், ராகுவுக்கும் ஓவர்டைம்."

இருவருக்கும் இது இரண்டாம் தரம்.
முதல் தரம் அறுநூறு பேர் வந்தார்களாம்.
"ஒருத்தரும் காணேல்லை, நான் பயந்து நிண்டதை"
என்றாள், நுளம்பு அடித்துக்கொண்டே.
அந்தக் கலியாணத்துக்குப் படம் எடுத்தவர் யாரென்று
நான் கேட்கவில்லை.

வெள்ளி முழுக்க ஆற்றில்.
இலவசப் படகு, இரவு பகல் ஓடுவது.
அக்கரையில் ஒரு வேலையுமில்லை, ஏழு தரம் போய்வந்தோம்.
செம்மஞ்சள் அங்கிக்காரன் கோர்டன்
நாலாம் தரம் ஏனென்று கேட்டான்,
ஆறாம் தரம் கோப்பி கொண்டுவந்தான்.

சனி, பதிவுக்கார அம்மாவின் சமையலறை.
ஜாம் போத்தலைத் தள்ளிவைத்துப் பத்திரத்தை விரித்தார்.
சாட்சி இரண்டு பேர் வேண்டுமாம்.
ஒருவன் கோர்டன்.
மற்றது யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன்.
மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
கமெராவை மேசையில் வைத்துவிட்டுப்
பேனாவை எடுத்தேன்.
அந்தக் கணத்துக்குப் படமில்லை.

ஞாயிறு.
ஏலக்காய்த் தகரத்துக்குள் தாலி.
விடிந்ததிலிருந்து (விடிந்தது என்று சொல்லலாமென்றால்)
நல்ல வெளிச்சம், நல்ல வெளிச்சம் என்று
நான்தான் அந்தரப்பட்டேன்.
இருக்கட்டும் என்றார்கள்.
முட்டை பொரித்தார்கள்.
அவள் அரைப் புத்தகம் வாசித்தாள்.
அவன் சப்பாத்து நாடாவுக்கு முடிச்சுப் போட்டான், கழற்றினான்,
பழகுகிறானோ என்று நினைத்தேன்.

இரண்டு இரவாய் இருட்டுக் காணாத கண்.
கல்லில் சாய்ந்தது ஞாபகம்.
முழித்தபோது என்மேல் அவளுடைய சால்வை.
இருவரும் பக்கத்தில் குந்தியிருந்து
ஊசியிலைக் கொப்பால்
எனக்கு நுளம்பு கலைத்துக்கொண்டிருந்தார்கள்.
எவ்வளவு நேரமாய் என்று சொல்லவில்லை.

"எழும்பிட்டீங்களா? அப்ப கட்டுவம்."

கெட்டிமேளத்துக்கு ஓர் அண்டங்காகம்,
அதுவும் அரைமனதாய்.
மூன்றாம் முடிச்சில் அவன் விரல் வழுக்க
அவள் பின்னங்கழுத்தைச் சரித்துக் கொடுத்தாள்.
கமெராவின் மணிக்கூடு டொராண்டோ நேரத்திலேயே கிடந்ததால்
எத்தனை மணிக்குக் கட்டினான் என்று
படத்தைக் கேட்டால் மூன்று மணித்தியாலம் பொய் சொல்லும்.

நாற்பத்தொரு படம்.
ஸ்காபரோவில் நாலாயிரம் கொடுப்பேன்.
குறைவென்று மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்,
அவன் கைப்பேசியில் எடுத்தது, கொஞ்சம் ஆட்டம்:
வாய் திறந்தபடி,
மடியில் கமெரா,
லென்ஸ் மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு
ஒரு பெண் நித்திரை.

வெட்டித் திருத்த இரண்டு தரம் திறந்தேன்.
திருத்தாமலே
தாலிப் படத்துக்கு முன்பக்கத்தில் வைத்தேன்.