பதினொரு விநாடி

காஸ் ட்ரோப்னிக்கின் இடக்கை
கதவைத் தட்டும், உள்ளே வராது.
சொன்னவன் நானல்ல, உள்ளூர்ப் பத்திரிகைக்காரன்.
ஆனாலும் பொய்யில்லை.
கால்கள் இரண்டும்
லாக்கவானா உருக்காலையில் ஊற்றி ஆறவைத்தவை.
வலக்கையோ,
புறப்படும்போதே அரங்கின்
கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும்.
எதிரே நிற்பவனுக்குத் தெரியாதா?

அடித்தார்கள்.
அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
அவன் நின்றுகொண்டே இருந்தான்.
நாற்பத்தேழு ஆட்டம், பதினாறு தோல்வி,
முதுகு ஒருமுறைகூடத் தரை தொட்டதில்லை.
அவனை வென்றவர்களில் நான்கு பேர்
மாதக்கணக்கில்
இடக்கையால் சூப் குடித்தார்கள்.

நான் மணியடிப்பவன்.
பஃபலோவில், ஏரிக்காற்று
எலும்பை எண்ணும் குளிரில், முப்பது வருடம்.
மேசையில் பித்தளை மணி, உள்ளங்கையில் கடிகாரம்.
மூன்று நிமிடம், ஒரு நிமிடம்.
மூன்று நிமிடம், ஒரு நிமிடம்.
கல்யாணத்தன்றுகூடப் பாதிரியாரின் பேச்சை
அளந்துகொண்டு நின்றேன் என்பாள் மோரீன்.

எழுபத்து நான்கு, பிப்ரவரி.
உலகப் பட்டத்துக்கு ஒரு படி கீழே
எலாய் பிராக்ஸ்டன்.
அந்தப் படிதான் காஸ்.
மிதித்து ஏறவென்றே போட்டது.

ஒன்பதாம் சுற்றில்
காஸின் புருவம் திறந்துகொண்டது.
என் தாளில், எழுத வேண்டிய கட்டத்திலேயே
சிவப்பாய் ஒரு சொட்டு.
முன்வரிசையில் அவன் மனைவி டொலோரெஸ்
எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கினாள்,
பஸ்ஸுக்கு நேரமானவள்போல.
ஒரு கைதான் நுழைந்தது.
மறு கை துளையைத் தேடியது,
தேடிக்கொண்டே இருந்தது.
நான் அவளைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் பதினொரு விநாடி.
ஒருவன் சாக அது தாராளம்.
அடித்துவிட்டேன்.

பிறகுதான் மேடையைப் பார்த்தேன்.
கயிற்றில் தொங்கியது பிராக்ஸ்டன்.
ஊருக்கே தெரிந்த அந்த வலக்கை
வாழ்நாளில் ஒரே ஒருமுறை
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.
முழங்கால் இரண்டும் கழன்றவன்போல் நின்றவனை
என் மணி
அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
நாற்காலிவரை கூட்டிப்போனது.

காஸ் கையை இறக்கினான்.
மணி அடித்தால் நிறுத்தணும்.
அவன் படித்த சட்டம் அவ்வளவுதான்.

சுற்று சீக்கிரம் முடிந்ததுபோல இருந்ததே
என்று சிலர் முணுமுணுத்தார்கள்.
கடிகாரம் என்னிடம்தான் இருந்தது.
பத்தாம் சுற்றில் பிராக்ஸ்டனுக்குக் கால் திரும்பி வந்தது.
ஜூனில் பட்டம் வந்தது.
காஸுக்கு நகராட்சியில் பனி அள்ளும் வண்டி வந்தது.

இருபத்தைந்து குளிர்காலம்
விடியுமுன் என் தெருவைத் துடைத்துவிட்டுப் போவான்.
ஜன்னல் வழியாகக் கையசைப்பேன்.
சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை
பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன்.
குளிர் அதிகம்.

ரிஜ் ரோட்டு மதுக்கடையில்
அவன் பெயரில் இன்னும் ஒரு சாண்ட்விச் உண்டு.
ரொட்டி தடிமன்.
உள்ளே அதிகம் ஒன்றுமிருக்காது.
கேட்டுத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன மார்ச்சில் அவனைப் பார்க்கப் போனேன்.
முதன்முறையாக மல்லாந்து கிடந்தான்,
நல்ல பெட்டி, நீலக் கழுத்துப்பட்டை,
புருவத் தழும்பின்மேல் யாரோ பவுடர் பூசியிருந்தார்கள்.
கைத்தடியோடு ஒருவர் அருகில் வந்து நின்றார்.
நீட்டிய வலக்கையில்
நடு விரல் மடங்க மறுத்தது.
"நீதானே மணி?"
தலையசைத்தேன்.
"எவ்வளவு மிச்சம் இருந்தது?"
ஐம்பது வருடம் யாரும் கேட்காத கேள்வி.
"பதினொன்று."
பிராக்ஸ்டன் வெகுநேரம் பெட்டியையே பார்த்தார்.
"பத்து போதுமே," என்றார்.

டொலோரெஸ் தூரத்தில்
வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்குப் பழக்கதோஷம்.
தரையில் கிடப்பவனைக் கண்டால்
உதடு தானாக எண்ண ஆரம்பித்துவிடும்.
நாலு, ஐந்து...
அந்த மடங்காத விரல் என் மணிக்கட்டைத் தொட்டது.
"வேண்டாம்," என்றார்.
"எழுந்துவிடுவான்."