மூக்கு வரைதல்

தாலின் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய உப்புக் கிடங்கின் இரண்டாம் மாடி.
நாற்காலி நான்கு காலிலும் ஊன்றி நிற்கிறது.
அதில் உட்கார்ந்திருக்கும் தார்மோ மட்டும்
மணிக்கு எண்பது கிலோமீட்டரில்
என் காட்டுக்குள் போகிறான்.

பதினோரு வருடம் ஹெல்சின்கி படகில் வடம் கட்டியவன்.
நவம்பர் அலையில் நின்றபடி மீன்சூப் குடிப்பவன்.
மூன்றாவது நிமிடம் மேலுதட்டில் வியர்வை.
நான்காவதில் கை
வாளியைத் துழாவியது.

கண் சொல்கிறது: போகிறோம்.
காதுக்குள் இருக்கும் துளி நீர் சொல்கிறது: இல்லையே.
கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்றால்
தீர விசாரிப்பது வயிறுதான்.
தீர்ப்பையும் அதுவே எழுதிவிடுகிறது,
வாளியில்.

குற்றவாளி என் காடு.
ஒன்பது மாதம் வளர்த்தது.
பிர்ச் மரப் பட்டைகளில் தனித்தனி வெடிப்பு,
பாசிக்கு மூன்று பச்சை,
சரளையில் கல்லுக்குக் கல் நிழல்.
ஓரக்கண்ணைக் கடந்து ஓடிய ஒவ்வொன்றும்
வேகம் வேகம் என்று
அவனிடம் கோள் மூட்டியிருக்கிறது.

முதலில் சரளையை வழித்தெடுத்தேன்.
பாதை சாம்பல் களிம்பானது.
பிறகு இலைகள்.
திருப்பங்களில் ஓரங்களை இருட்டினேன்,
குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல.
பாசியை மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.
ஏழு நிமிடம் தாங்கினான். அப்புறம் எட்டு.
"முன்னாடி அழகா இருந்துச்சே" என்றான்
வாயைத் துடைத்துக்கொண்டே.

கிர்சிகாதான் சொன்னாள், மூக்கு வரையேன் என்று.
நாள் முழுக்கக் கண்முன்னே இருந்தும்
யாரும் பார்க்காத மூக்கு.
உலகமே ஓடும்போது ஓடாத ஒன்று.
வரைந்தேன், எல்லோருக்குமான ஒரு மூக்கை.
கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தார்மோ சிரித்தான்:
"என் முகத்துல வேற யாரோ இருக்கான்."

அவனுடையது இடப்பக்கம் சாய்ந்தது.
இருபது வயதில் வடம் அறுந்து அடித்த அடி.
அளவெடுக்க விரல் வைத்தபோது
மூச்சை நிறுத்திக்கொண்டான்.
நானும்.
இரவு பத்துவரை அந்தச் சாய்வைச் சரிசெய்தேன்,
சரி என்றால் இங்கே
இன்னும் கொஞ்சம் கோணலாக்குவது.

இன்று பதினான்கு நிமிடம்.
வாளியில் என் மேசைச் செடிக்கு ஊற்றலாம்போல
சுத்தமான தண்ணீர்.

ஜன்னலில் மாலைப் படகு நகர்ந்தது.
படகா, கிடங்கா?
ஒரு கணம்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பாசியை இன்னும் அழிக்கவில்லை.
வேறு பெயரில் வைத்திருக்கிறேன்.