பேட்டரி இல்லாத கடிகாரம்

கரண்டு போனது.
கம்ப்ரசர் இரைச்சலும் எச்சில் உறிஞ்சும் குழாயின் சீறலும்
ஒன்றாய் அடங்க,
அறைக்குள் டிக், டிக்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஓணத்துக்கு முந்தியே நின்றுபோனது அது, நாலே காலில்.
பேட்டரி வாங்கணும் என்று அஜிதா தினமும் சொல்வாள்.

சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது,
வாய் திறந்து மல்லாந்து கிடந்த
மணக்குடி ததேயுசின் சட்டைக்குள்ளிருந்து.

படிவத்தில்
'இதய நோய் உண்டா' என்பதற்கு நேரே
'இல்லை' என்று எழுதியிருக்கிறார்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.

"வால்வு மாத்தியாச்சுல்லா டாக்டரே,
திருவனந்தபுரத்துல, பதினோரு வருசமாச்சு.
நோய் இருந்துது. இப்ப இல்ல.
அப்ப இல்லேன்னுதானே எழுதணும்?"

என் கையில் கறை சுரண்டும் கொக்கி.
ஈறுக்கும் அதற்கும் இடையில்
ஒரு நெல்மணி கிடக்கும் தூரம்.
தட்டில் வைத்தேன். தட்டு அதிகமாகவே சத்தம் போட்டது.

ரத்தம் கட்டாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை,
போன திங்களன்று பரிசோதித்த சீட்டு,
பிளாஸ்டிக் உறைக்குள் மாதா படத்தோடு
எல்லாம் சட்டைப்பையிலேயே இருந்தது.
நான்தான் கேட்கவில்லை.

பல்லிடுக்கில் குடியிருக்கும் கிருமிகள்
அங்கேயே கிடந்தால் தொல்லையில்லை,
ஈறு கீறினால் ரத்தத்தில் இறங்கும்,
போய் அந்த வால்வின் விளிம்பில்
பாசியாய்ப் பிடிக்கும் என்றேன்.
"பொழி முறியுத மாதிரி" என்றார்.
நான் தேடிய சொல் அவரிடம் இருந்தது.

பென்சிலின் ஒத்துக்குமா?
சிரித்தார். பன்னிரண்டு வயதிலிருந்து
மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.
"எந்தப் பக்கம் குத்தணும்னு
நர்சுக்கு நான் சொல்லிக் குடுப்பேன்."

நாலு கேப்சூல், ஒரு தம்ளர் தண்ணீர்.
நாலாவதை விழுங்கிவிட்டு
"ஒரு மணிக்கூர் சும்மா இருக்கணுமா?" என்றார்,
கடலுக்குப் போகாத நாளிலும்
சும்மா இருந்து பழகாதவர்.

வெளியே பெஞ்சில்
கன்னம் வீங்கிய பையன் ஒருவன்
அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டான்,
அவன் அம்மா அதட்டும்வரை.

கரண்டு வந்தது.
கம்ப்ரசர் தானே இரைய ஆரம்பித்தது. அணைத்தேன்.
கோட்டாற்றில் ஒன்பது வருடமாய் இந்த இரைச்சலுக்குள்
எத்தனை டிக், டிக் கேட்காமல் போயிருக்கும்?

புதுப் படிவம் ஒன்று எடுத்து
அந்தக் கேள்வியை அடித்தேன்.
எழுதினேன்:
நெஞ்சில் எப்போதாவது கத்தி வைத்தார்களா?
கீழே, சின்னதாய்:
தினமும் விழுங்கும் மாத்திரை எதுவானாலும் சொல்லவும்.

ஒரு மணிக்கூர் ஆனதை
ததேயுசே வந்து சொன்னார்.
கடிகாரத்துக்குப் பேட்டரி
இன்னும் வாங்கவில்லை.